தோட்டத்தில் கோழி: வறுக்கலாமா, சாறு வைக்கலாமா, சுடலாமா?

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தமெல்லாம் தோட்டத்துக்கு வருகிறார்கள், வெளியே அடுப்புக் கூட்டிக் கோழி ஆக்குவது என்று பேசியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கும். அத்தை நாட்டுக்கோழிச் சாறு, அதாவது தண்ணியான குழம்பு, என்பார். ஈரோட்டு மாமா பள்ளிபாளையம் வறுவலை விட்டு இறங்க மாட்டார். காலேஜ் போகிற பையன்களுக்கு யூடியூபில் பார்த்த மாதிரி கம்பியில் போட்டுச் சுட வேண்டும்.

எது ருசி என்று பேச ஆரம்பித்தால் இது தீராது. மூன்றும் ருசிதான். எந்தக் கோழி கிடைக்கிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அன்றைக்குக் காற்று எப்படி, அடுப்பை விட்டு நகராமல் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இதில் கோழி எது என்று தெரிந்துவிட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

கறிக்கோழி என்கிற பிராய்லர் கடைக்கு வரும்போது அதற்கு வயது 35 முதல் 42 நாள்தான். எடை இரண்டு கிலோவைத் தொட்டிருக்கும், சதை மிருதுவாக இருக்கும், ஓடியாடித் திரிந்த கால் இல்லை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் கொதித்தால் நார்நாராகப் பிரியும். நாட்டுக்கோழி இதற்கு நேரெதிர். ஐந்தாறு மாதம் மேய்ந்து வளர்ந்த கோழியின் தசையைச் சுற்றியிருக்கும் சவ்வு கெட்டியாக இருக்கும். அது இளகிக் குழம்போடு சேர ஈரமான சூடும் நேரமும் வேண்டும். முட்டையிடத் தொடங்காத இளம் வெடைக்கோழி என்றால் ஒரு மணி நேரம், கிழட்டுச் சேவல் என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். வாங்கும்போதே வயதைக் கண்டுபிடிக்கலாம். நெஞ்செலும்பின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இளசு, கெட்டியாக நின்றால் முற்றல். சேவலுக்குக் கால் முள்ளைப் பார்த்தாலும் தெரியும்.

ஆக, நாட்டுக்கோழியைக் கம்பியில் போட்டுச் சுடுவது என்ற யோசனையை இங்கேயே கைவிட்டுவிடலாம். வெளியே கருகும், உள்ளே ரப்பர். பிராய்லரை இரண்டு மணி நேரம் சாறாகக் கொதிக்க வைப்பதும் வீண்வேலை. விலையும் கணக்கில் வர வேண்டும். பல்லடத்துக் கறிக்கோழி விலை தினமும் பேப்பரில் வருகிறது. நாட்டுக்கோழி அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது, அறுத்து, இறகு குடல் போனால் ஒன்றரைக் கிலோ கோழியில் கறி ஒரு கிலோதான் தேறும். இருபது பேருக்கு எலும்போடு ஐந்து கிலோ கறி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அத்தனைக்கும் நாட்டுக்கோழி வாங்குவது பெரிய செலவு. அதிலும் ‘நாட்டுக்கோழி’ என்று பலகை வைத்த கடைகளில் நிற்பதில் பெரும்பாலானவை பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த கலப்பினம். அது தப்பில்லை, வேகும் நேரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, முதலில் வறுவல். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் சொல்கிறேன்.

பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிர்க்கரை, காவிரி தாண்டினால் நாமக்கல் மாவட்டம், தறிச் சத்தம் ஓயாத ஊர். அந்த ஊர்ப் பேரில் ஓடும் வறுவலில் மசாலாப் பொடி என்று எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய், கடைசியில் பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய். தோட்டத்துக்குச் சமையல்கட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, அரைக்க வேண்டியதில்லை, ஒரு மஞ்சப்பையில் எல்லாம் அடங்கிவிடும். தேங்காயும் கறிவேப்பிலையும் அங்கேயே மரத்தில் இருக்கும். மஞ்சள் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

கிலோவுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், 15 முதல் 20 நீட்டு மிளகாய், அரை மூடித் தேங்காய், 100 மில்லி எண்ணெய். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். விதை எண்ணெயில் சீக்கிரம் கருகிக் கசக்கும், தோல்தான் நிறமும் மணமும் கொடுக்கும். இத்தனை மிளகாயை ஒரே நேரத்தில் சூடான எண்ணெயில் போட்டால் வரும் நெடியை வீட்டுக்குள் தாங்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தும்முவார். வெளியடுப்புக்கு என்றே பிறந்த பதார்த்தம் என்று நான் இதைச் சொல்வது அதனால்தான். காற்று நெடியைக் கொண்டுபோகும் பக்கம் யாரும் பாய் விரித்து உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கறியைச் சின்னதாக வெட்டி வாங்குவது முக்கியம், கடைக்காரரிடம் ‘பள்ளிபாளையத்துக்கு’ என்று சொன்னால் கோவை, ஈரோடு பக்கம் புரிந்துகொள்வார்கள். கனமான இரும்பு வடச்சட்டி வேண்டும். விறகுத் தீ ஒரே சீராக எரியாது. ஒரு நேரம் நாக்கை நீட்டும், ஒரு நேரம் படுத்துக்கொள்ளும். மெல்லிய அலுமினியச் சட்டி அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே கறிக்குக் கொடுக்கும். இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சமமாக விடும். வெங்காயம் வதங்கிக் கறியைப் போட்டதும் தண்ணீர் ஊற்ற அவசரப்படாதீர்கள். பிராய்லர் தன் தண்ணியைத் தானே விடும். பத்து நிமிடம் சட்டியில் கொதிக்கிற சத்தம்தான் கேட்கும். தண்ணி சுண்டச் சுண்டச் சத்தம் மாறும். தளபுளவென்று இருந்தது சடசடவென்று ஆகும், ஓரத்தில் எண்ணெய் தெளிந்து சிவப்பாக நிற்கும். அப்போது தேங்காய்ப் பல்லைப் போட்டு, எரிகிற கட்டையை வெளியே இழுத்துவிட்டு, கங்குச் சூட்டிலேயே பிரட்ட வேண்டும். இந்தக் கடைசி ஐந்து நிமிடம் போனில் பேசப் போனால் எல்லாம் அடிப்பிடிக்கும்.

இதற்குப் பங்காளி சிந்தாமணிக் கோழி. நல்லெண்ணெயும் மிளகாயும் தூக்கலாக இருக்கும், ஈரோட்டுப் பக்கம் இதை நாட்டுக்கோழியில் செய்வதுதான் வழக்கம். நாட்டுக்கோழி வறுவல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு இது வழி. ஆனால் கறியை முக்கால் பதம் வேக விட்டுத்தான் சுருட்ட வேண்டும். தண்ணி தெளித்துத் தெளித்து, மூடிபோட்டு, தீயைக் குறைத்து வைக்க வேண்டும். ஒருவர் முக்கால் மணி நேரம் கரண்டியோடு உட்காரத் தயாராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

இனி சாறு. பத்துப் பேருக்குள் கூட்டம், அதில் வயசானவர்கள் அதிகம், ஒரு நல்ல வெடைக்கோழி கைக்குக் கிடைத்திருக்கிறது என்றால் நானும் அத்தை கட்சிக்கு மாறிவிடுவேன்.

இதில் விறகடுப்பின் பயன் கோழியை அறுத்த கையோடு தொடங்கிவிடுகிறது. இறகைப் பிடுங்கிய பிறகும் தோலில் மயிர்மயிராகச் சன்னமாக ஒட்டியிருக்கும். காய்ந்த தென்னையோலையைக் கொளுத்தி, கோழியைக் காலையும் கழுத்தையும் பிடித்து அந்தத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டுவார்கள். மயிர் பொசுங்குகிற வாசம் முதலில் மூக்கைச் சுளிக்க வைக்கும். அப்புறம் தோல் இறுகி, கொழுப்பு லேசாக மினுங்கும். உடனே மஞ்சளை அள்ளித் தேய்த்து, நல்ல தண்ணியில் கழுவி, தோலோடு வெட்ட வேண்டும். தோலை உரித்துப் போட்ட கோழியில் இந்த ருசி வராது. கேஸ் அடுப்பில் சின்னத் தீயில் இதைச் செய்வது பொம்மை விளையாட்டு. கடையில் உரித்துத் துண்டு போட்டு வாங்கி வருவதென்றால் சாறுக்கு விறகடுப்பு தேடுவதில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

கறிச்செலவு என்கிற மசாலாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போய்விடுங்கள்: மல்லி, மிளகு, சீரகம், மிளகாய், வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தேங்காய், கொஞ்சம் கசகசா. கோழியை மஞ்சளும் உப்பும் போட்டு முதலில் வேக வைத்து, பாதி வெந்ததும் செலவைக் கரைத்து ஊற்றி, அடுப்பில் இரண்டே கட்டை வைத்து விட்டுவிட வேண்டியதுதான். வறுவலுக்கு ஆள் நின்று கிண்ட வேண்டும், சாறு தானாகக் கொதிக்கும். பேசிக்கொண்டே நடுவில் ஒருமுறை கட்டையைத் தள்ளிவிட்டால் போதும். சோறும், இடியாப்பம் மாதிரியான சந்தகையும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மூடிபோட்ட பாத்திரத்துக்குள் விறகுப் புகை அவ்வளவாகப் போவதில்லை. விறகடுப்புச் சாறு ருசிக்கிறது என்றால் புகைக்கு அதில் பெரிய பங்கில்லை, அடங்கிய தீயில் நிறைய நேரம் கொதிப்பதுதான் காரணம். புகைமணம்தான் வேண்டும் என்கிற ஆளுக்குச் சாறு ஏமாற்றம்தான்.

அவருக்கு உரியது சுட்ட கோழி. கொழுப்பு கங்கின் மேல் சொட்டி எழும் புகை கறியில் படியும், அந்த வாசத்தை வேறு எதிலும் கொண்டுவர முடியாது. பையன்கள் ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் பார்க்கும் வீடியோவில் தீ கொழுந்துவிட்டு எரியும்போதே கோழி மேலே தொங்கும். அது படம் பிடிக்க அழகு, சாப்பிட அல்ல. கொழுந்தில் சுட்டால் கரிதான் ஒட்டும். விறகு எரிந்து அடங்கி, கங்கு மேல் சாம்பல் பூத்த பிறகுதான் கம்பியை வைக்க வேண்டும். அதற்கே முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிடும். பசியோடு காத்திருக்கும் கூட்டத்தில் இந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. கம்பி இருக்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். நாலைந்து விநாடி தாங்க முடிந்தால் சூடு சரி, இரண்டு விநாடியில் இழுத்துக்கொண்டால் இன்னும் அடங்கவில்லை.

முழுக்கோழி வேண்டாம். தொடை வேகும்போது நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். தொடையும் காலும் தனியாக வாங்கி, எலும்பு வரை கீறி, மிளகாய் அரைத்த விழுது, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில் ஊற வையுங்கள். கோழிக்கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். வறுவலிலும் சாறிலும் இந்தக் கவலையே இல்லை, அது தாண்டித்தான் கொதிக்கும். சுடும்போதுதான் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும் ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லையென்றால் எலும்பை ஒட்டிய தடித்த இடத்தைக் கிழித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பாக நீர் வந்தால் மறுபடி கங்குக்கு.

கம்பி வலை விஷயத்தில் நம் ஊரில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கோழிப் பண்ணை இல்லாத பக்கம் கொங்கு நாட்டில் குறைவு, பண்ணை வலைத் துண்டு ஒன்று எந்தத் தோட்டத்துச் சாளையிலும் கிடக்கும். அதை எடுத்துக் கங்கு மேல் விரித்துவிடாதீர்கள். அதில் பூசியிருப்பது துத்தநாகம், அதிகச் சூட்டில் கெட்ட புகை விடும். எவர்சில்வர் கம்பியோ, பூச்சில்லாத இரும்புக் கம்பியோதான் சரி. குத்திச் சுடக் குச்சி ஒடிக்கிறேன் என்று வேலியோரம் போகிறவர்கள் அரளியையும் எருக்கையும் தொடக் கூடாது, இரண்டும் விஷம்.

கோழியை இலையில் சுற்றிக் களிமண் பூசிக் குழியில் புதைப்பது, மூங்கில் குழாய்க்குள் அடைப்பது இதெல்லாமும் சிலர் கேட்கிறார்கள். வெந்ததா இல்லையா என்று திறக்காமல் தெரியாது, திறந்தால் திரும்ப மூட முடியாது. இருபது பேரை உட்கார வைத்துக்கொண்டு செய்கிற காரியமில்லை.

காற்றை மறந்து முடிவெடுக்க முடியாத ஊர் நம்முடையது. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் அடித்துத் தள்ளும். காற்றாலைகள் அந்தப் பக்கம் அத்தனை நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் தரைக்கு மேல் மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பில் சூடு சட்டிக்குப் போகாது, பக்கத்துக் காட்டுக்குத்தான் போகும். ஒரு முழம் ஆழத்தில் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காகக் குழி வெட்டி, அதன்மேல் சட்டியை வையுங்கள். வறுவலும் சாறும் அப்படிச் செய்யலாம். சுடுவதை மட்டும் ஆடியில் விட்டுவிடுங்கள், கங்கு பறந்து சோளத்தட்டுப் போரில் விழுந்தால் அன்றைய பேச்சே வேறாகிவிடும்.

அடுப்புக்குச் செங்கல்லோ காய்ந்த பாறைக்கல்லோ எடுங்கள். அமராவதியிலும் நொய்யலிலும் கிடக்கும் உருண்டைக் கல் அழகாக இருக்கும். உள்ளே ஈரம் ஊறியிருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். தென்னைக்கு அடியில் தீ வேண்டாம், காய்ந்த மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கோழி நன்றாக வந்தது, நாற்பது அடி குழாய் உருகிப்போனது என்றால் தோட்டக்காரர் அடுத்த வருசம் கூப்பிட மாட்டார். ஆனைமலை, சத்தியமங்கலம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புலிகள் காப்பகத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் தீ மூட்டுவது குற்றம். பட்டா நிலத்தில் மட்டும்தான் இந்தப் பேச்செல்லாம்.

விறகில் எனக்குப் பிடித்தது வேலமரம். கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் வெள்வேலமும் சரி, எங்கும் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் சரி, கெட்டியாக எரிந்து நல்ல கங்கு விடும். சாறுக்கும் சுடுவதற்கும் அதுதான். பற்ற வைக்கப் பன்னாடையும், காய்ந்த பருத்திச் செடியான பருத்திமாரும், வறுவலின் கடைசிக் கங்குச் சூட்டுக்குத் தேங்காத்தொட்டி. வேப்ப விறகு புகையைக் கசப்பாக்கும், சட்டியில் ஆக்கினால் பரவாயில்லை, சுடுவதற்கு ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதற்கும் ஆகாது. பாத்திரத்தின் அடியில் சாம்பலையோ மண்ணையோ குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி தேய்க்கிற வேலை மிச்சம், தேய்க்கப் போகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் சண்டைக்கு வருவோம். மாமா இப்படித்தான் முடிப்பார்: “மாப்ள, மொதல்ல எத்தனை தலைன்னு சொல்லுங்க. இருவதுக்கு மேல போச்சுன்னா சாறெல்லாம் பேசாதீங்க.” அவர் சொல்வது சரி. பதினைந்து, இருபது பேருக்கு மேல் என்றால் பிராய்லர் வறுவல். இரண்டு வடச்சட்டி, இரண்டு அடுப்பு, ஒரு மணி நேரத்தில் பரிமாறிவிடலாம். ஐந்து கிலோவையும் ஒரே சட்டியில் போட்டால் வறுபடாது, அவியும். குழந்தைகளுக்கு மிளகாயைப் பாதியாகக் குறைத்து ஒரு கிலோவைத் தனியாக முதலில் இறக்கிவிடுங்கள், அவர்கள் சாப்பிட்டு விளையாடப் போனபின் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். பத்துப் பேருக்குள், நல்ல கோழி, நேரமும் இருக்கிறது என்றால் சாறு. சுட்ட கோழியை முழுச் சாப்பாடாக நம்பாதீர்கள். தையிலும் மாசியிலும் காற்று அடங்கிய சாயங்காலத்தில் ஆளுக்கு ஒரு துண்டு என்று பையன்களிடம் விட்டுவிடலாம், ஆனால் வேறு வேலை இல்லாத பெரிய ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வறுவல் முடிந்த அடுப்பின் கங்கே அதற்குப் போதும், தனியாக விறகு எரிக்க வேண்டியதில்லை. அத்தைக்கு வருத்தம் வராமலிருக்க, வறுவல் நாளிலும் ஒரு நாட்டுக்கோழி வாங்கி எலும்புச் சாறு மட்டும் ஒரு அடுப்பில் கொதிக்க விடுவது உண்டு. இருபது பேருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் வரும்.

கறியைக் காலையில் போய் வாங்குங்கள், முந்தின நாள் வாங்கினால் ஐஸிலேயே இருக்கட்டும். மதிய வெயிலில் டிக்கியில் வைத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஆக்கிய கறிக்கும் அதே கணக்குதான். பச்சைக்கறி வைத்த தட்டில் வெந்ததை எடுத்து வைக்கவே கூடாது, சுடும் இடத்தில்தான் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது.

கிளம்பும்போது கங்கின் மேல் மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டு வராதீர்கள். மண்ணுக்கு அடியில் மறுநாள் காலை வரைக்கும் சூடு இருக்கும், விடியலில் தண்ணி பாய்ச்ச வருகிறவர் வெறுங்காலோடு மிதிப்பார். இரண்டு குடம் தண்ணி ஊற்றி, குச்சியால் கிளறி, இன்னொரு குடம் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.